புள்ளியின் விட்டம்

கோரிப்பாளையம் ப்ளெக்ஸ் கடை ஜலாலுதீன்
கேட்டது இவ்வளவுதான்:
"ஒரே எழுத்து. காதுகுத்துக்கும் போடணும்,
கண்ணீர் அஞ்சலிக்கும் போடணும்.
பஸ்ல போறவன் திரும்பாமலே படிக்கணும்.
காசு ரெண்டு தவணை."

எஸ்.எஸ். காலனி மாடியறையில் ஏழு மாதம்.
முதலில் வரைந்தது ர.
அதன் கால் நேராக இறங்கினால்
பக்கத்துத் துணைக்காலோடு கலந்துவிடும்,
ரா என்பது கதவில்லாத இரண்டு நிலை ஆகிவிடும்.
ர-வின் பாதத்தைக் கொஞ்சம் சாய்த்தேன்,
கிளம்பப் போகிறவன் மாதிரி.

தடித்த எழுத்தில் மை தானாக வந்துவிடும்.
வெள்ளைக்குத்தான் இடம் பிடித்துத் தரவேண்டும்.
ண-வின் வளைவுகளை அளந்து சமமாக வைத்தேன்,
கண் ஒப்பவில்லை.
நடு வளைவை ஒரு மயிரிழை ஒடுக்கியதும் ஒப்பியது.
ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்காருகிறவருக்கு
நடக்கும் அதே அநியாயம்.

காதுகுத்துக்கு ஒரு வளைவு, சாவுக்கு ஒரு வளைவு
என்று நானும் ஒரு மாதம் தேடினேன்.
கிடைக்கவில்லை.
சிரிக்கப் படம் இருக்கிறது, அழ மாலை இருக்கிறது.
எழுத்து நின்றால் போதும்.

கீழே 'துயரில் வாடும்' முப்பத்தெட்டுப் பேர்.
அவர்களுக்கு வேறு எழுத்து வரைந்தேன்:
ஒல்லி, கொஞ்சம் அகலம், திறந்த சுழி.
மேலே இருப்பது பார் பார் என்று நிற்கும்.
இது தன்னைப் பார்க்க விடாமல்
பெயரை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கும்.
"பொடி எழுத்தை யார் பாய் படிப்பாங்க?"
ஜலாலுதீன் கணினியிலிருந்து தலை தூக்கவில்லை.
"அந்தப் பேருக்காரன் படிப்பான்."

ஐப்பசியில் ஒரு காலை,
செல்லூர் மீனாட்சிபுரம் சந்து முனையில்
என் எழுத்து முதன்முதலாக நின்றது,
எட்டடிக்கு ஆறடி.

லோடுமேன் ராக்கப்பன். வயது 46.

ரா பிழைத்துக்கொண்டது.
க்-கும் க-வும் தோள் உரசாமல் நின்றன.
ப்ப-வில்தான் மாட்டினேன்.
இரண்டும் நேர்ச்சுவர்,
ஒட்டினால் நடுவில் இருட்டுமென்று
தள்ளி வைத்திருந்தேன், தாராளமாக.
பெயர் உடைந்து கிடந்தது:
ராக்கப். பன்.

ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி
இடைவெளியை அளந்துகொண்டிருந்தேன்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
கண்ணில் நீர் வந்திருக்க வேண்டும், வெயில்.
ஒரு பெண் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்தாள்.
"கூட மூட தூக்குனவுகளா?"
நான் தலையாட்டினேன்.
ஆட்டியது எந்தப் பக்கமென்று எனக்கே தெரியவில்லை.

அடியில், பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஒருவர்,
கறுப்பு மார்க்கருடன்.
மைத்துனர் செ. இருளப்பன்.
என் புள்ளி அச்சில் கரைந்து
இருளப்பன என்று நின்றுபோயிருந்தார்.
தனக்கு ஒரு புள்ளி வைத்தார்.
இறங்கப் பார்த்தவர், நின்று,
கீழ்வரிசை முருகேசனுக்கும் ஒன்று,
பிறகு பாண்டியனுக்கு, சுந்தரனுக்கு,
வந்திருந்தவர்களா வராதவர்களா என்று பாராமல்.

அன்றிரவு கோப்பைத் திறந்தேன்.
புள்ளியின் விட்டம் நூற்றுப்பதினெட்டு.
நூற்றுநாற்பது ஆக்கினேன்.
அசிங்கமாக இருந்தது.
அப்படியே விட்டேன்.
ப்ப-வை இருபது அலகு நெருக்கினேன்,
இனி சாகப்போகிற யாருக்கோ.

மூன்று வாரம் கழித்து, மாட்டுத்தாவணி மார்க்கெட்.
வெங்காய லாரியின் மேல்
அதே ப்ளெக்ஸ் தார்ப்பாயாகக் கிடந்தது,
படம் உள்பக்கம் போய், பெயர் மட்டும் வெளியே,
கயிறு குறுக்கே ஓடி.
ப்-புக்கும் ப-வுக்கும் நடுவே
மூட்டையிடுக்கில் ஒரு மடிப்பு விழுந்து
இடைவெளி மிகச் சரியாக இருந்தது.